மாப்பிள்ளைக்கு லாவோஸ் சாப்பாடு பழக்கிய கதை

என் மகன் லாவோஸிலிருந்து திரும்பி வந்ததற்கு நாங்கள் உறவுக்காரர்களிடம் சொன்ன காரணம், அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது. கண்டுபிடித்தவள் என் மனைவி. நல்ல கண்டுபிடிப்பு. கோயம்புத்தூரில் ஒருவன் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்தால் கேள்வி மேல் கேள்வி வரும். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மட்டும் ஒரு கேள்வியும் வராது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு வேறு எங்கேயும் தாங்காது என்பதில் இங்கே கட்சி வித்தியாசம் கூடக் கிடையாது. சென்னையிலிருந்தே இதைச் சொல்லித் திரும்பி வந்தவர்கள் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார்கள். லாவோஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

உண்மை வேறு. இன்ஜினியரிங் முடித்து வீட்டில் இருந்தவனை ஒரு ஏஜென்ட் கஸ்டமர் சப்போர்ட் வேலை என்று சொல்லி அனுப்பினார். பாங்காக்கில் இறங்கி, காரில் வடக்கே போய், படகில் ஆற்றைக் கடந்து அவன் சேர்ந்த இடத்தில் மதில் சுவரும் அதன்மேல் முள்கம்பியும் இருந்தன. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலை என்னவென்றால், முன்பின் தெரியாதவர்களோடு போனில் பழகி, நம்ப வைத்து, அவர்களுடைய சேமிப்பைக் கறப்பது. முடியாது என்றவர்களுக்கு அடி. வாரம் தவறாமல் எங்களுக்கு போன் செய்து "நல்லா இருக்கேன்ப்பா" என்றான். அவன் பக்கத்தில் ஆள் நின்றுகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அது தெரியாமல் நான் எங்கள் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து, அந்த ஊர் சீதோஷ்ணம் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதாம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரசாங்கம் தலையிட்டு ஒரு கூட்டத்தையே மீட்டு அனுப்பியபோது அவனும் வந்தான். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் அங்க என்ன வேலை செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். போலீஸில் புகார் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தால் அவன் அங்கே செய்ததையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தோம். பயத்தில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறவன். நூலிழை அளவு தேய்ந்திருந்தாலும் அந்தப் பாகத்தைத் தூக்கித் தனியாக வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவன், அந்த ஏஜென்ட் கொடுத்த விசிட்டிங் கார்டின் வழவழப்பைப் பார்த்து மகனைக் கொடுத்திருக்கிறேன். அவன் வந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அவன் குளிக்கப் போய்க் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுவேன். "என்னங்கப்பா?" என்பான். "சோப்பு இருக்குதா?" என்பேன். எங்கள் வீட்டுக் குளியலறையில் அந்த நாட்களில் இருந்த அளவு சோப்பு எந்த மளிகைக் கடையிலும் இருந்திருக்காது.

உறவுக்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரையும், இழவு வீட்டையும், திரும்பி வந்தவனையும் ஒரே முறையில்தான் விசாரிப்பது வழக்கம். ஆப்பிள், ஆரஞ்சு, ரொட்டி. வாசலிலேயே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு நுழைந்து, "இளைச்சுப் போயிட்டியே கண்ணு" என்பார்கள். பிறகு அந்த ஊரில் பாம்பு சாப்பிடுவார்களாமே, தேள் சாப்பிடுவார்களாமே என்று ஆசை தீரக் கேட்பார்கள். மகன் தலையை ஆட்டுவான். "பாம்பைக் கண்டா யாருக்குத்தான் சாப்பாடு இறங்கும்?" என்று எழுந்து போவார்கள். எங்கள் பொய் யாருடைய உதவியும் இல்லாமல் தானாகவே வளர்ந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் அண்ணி போன் செய்யும் வரைக்கும்.

அண்ணன் அவிநாசிப் பக்கம் விசைத்தறி போட்டிருக்கிறார். ஒரே மகள். போன வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டாராம்.

"ஏனுங்க தம்பி, நம்ம மாப்பிள்ளைக்கு ஃபாரின்ல அமைஞ்சிருக்குதுங்க. உங்க பையன் போன அதே ஊருதானுங்க. அதே ஏஜென்ட்டுதான். பாஸ்போர்ட்டெல்லாம் குடுத்துப்போட்டாரு."

நான் நின்றுகொண்டிருந்தேன், உட்கார்ந்தேன். கொஞ்சம் விசாரித்துச் செய்யச் சொல்லுங்கள் என்றேன். போன் அண்ணன் கைக்கு மாறியது.

"என்றா விசாரிக்கறது?"

"அந்த ஏஜென்ட் சரியில்லீங்ண்ணா."

"உன்ற பையனுக்குச் சோறு ஒத்துக்கலைன்னா ஏஜென்ட் என்றா பண்ணுவான்? அவன் ஊட்டி வேற விடோணுமா?"

நாங்களே கட்டிய சுவர், நல்ல கெட்டியாகக் கட்டியிருந்தோம்.

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் மாப்பிள்ளை என்பவர் மனிதர் இல்லை. அவர் உட்கார்ந்தால் விசிறி, நின்றால் நாற்காலி. அவர் சூரியன் மேற்கே உதிக்கிறது என்றால், "ஆமாங்க, எங்க ஊட்டுலயும் அந்தப் பக்கந்தானுங்க" என்பார்கள். மாப்பிள்ளை ஒரு முடிவெடுத்தபின் அது சரியில்லை என்று சொல்ல எங்கள் பேச்சில் வார்த்தையே கிடையாது. சொன்னால் வயிற்றெரிச்சல் என்று பெயர் வரும். தன் மகன் திரும்பி வந்துவிட்டான், அண்ணன் மாப்பிள்ளை போவதைப் பொறுக்க முடியவில்லை என்பார்கள். அப்படித்தான் அண்ணி பேசிக்கொண்டிருக்கிறாள் என்று மனைவியின் காதுக்கு வந்தது.

அது போதாதென்று முறை வேறு இருக்கிறது. தூரப் பயணம் போகிற மாப்பிள்ளைக்கு நெருங்கிய பங்காளி வீட்டில் விருந்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் உறவு முறிந்ததாக அர்த்தம். அதாவது என் மகனை எந்தக் குழியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்களோ, அதே குழிக்குப் போகிறவருக்கு என் வீட்டில் இலை போட்டு அனுப்பி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று அண்ணியே முடிவு செய்தாள். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தாள்.

"ஏனுங்க, கோழிக்குழம்பு எங்க ஊட்டுலயே சாப்பிட்டுக்கலாம். உங்க பையனை அந்த ஊர் சாப்பாடு ஏதாச்சும் செய்யச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்கு இப்பவே பழகிட்டா நல்லதுங்க. உங்க பையன் மாதிரி பாதியில வந்துடக் கூடாது பாருங்க."

இதை நான் மகனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். மனைவி சொல்லிவிட்டாள். அவன் கோபப்படுவான், அழுவான், கதவைச் சாத்திக்கொள்வான் என்று எதிர்பார்த்து நான் வாசலில் நின்றேன். அவன் சொன்னதோ: "கௌ பியாக் சென் பண்ணலாம்."

"அது என்ன சாமி?" என்றேன்.

"அரிசி நூடுல்ஸ். கோழிச் சாறுல வேகும். பேருக்கு அர்த்தம் ஈர அரிசி நூல்."

வந்ததிலிருந்து அவன் பேசிய வாக்கியங்களிலேயே அதுதான் நீளமானது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நரகத்திலும் நல்ல சூப் குடித்திருக்கிறான், பக்கத்தில் எங்கேயோ ஒரு கடை இருந்திருக்கும், போய்ச் சாப்பிட்டிருப்பான் என்று நானே ஒரு கடையைக் கட்டி, பெஞ்சு போட்டு, அவனை அதில் உட்கார வைத்துவிட்டேன்.

ஒத்திகை ஆரம்பமானது. அரிசி நூல் என்று கேட்டதும் என் மனைவிக்கு இளக்காரம். "இதுக்கு லாவோஸ் வரைக்கும் போகோணுமா? நம்ம சந்தகைதானே?" என்றாள். சந்தகை எங்கள் வீட்டுக் காலைப் பலகாரம். இட்லி அரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மூன்று கால் இரும்பு மிஷினில் போட்டுச் சுற்றினால் நூல் நூலாக இறங்கும். மகன் வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை. உலகத்தில் அரிசியிலிருந்து நூல் எடுக்கத் தெரிந்தவர்கள் நாம்தான் என்ற நம்பிக்கை அவளுக்கு. பிழிந்த சந்தகையைக் கொதிக்கிற கோழிச் சாற்றில் போட்டாள். ஏற்கனவே வெந்தது, நிற்குமா? கரண்டி போடுவதற்குள் கரைந்து போனது. பாத்திரத்தில் மிஞ்சியது காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கும் கஞ்சி. இரண்டு வேளை அதையே சாப்பிட்டோம். காய்ச்சல் இல்லாமல் கஞ்சி குடிப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

அடுத்த முறை அவனே இறங்கினான். பச்சரிசி மாவோடு மரவள்ளி மாவு சேர்க்க வேண்டும் என்றான்.

"சேலைக்குப் போடற கஞ்சி மாவையா மாப்பிள்ளைக்குப் போடறது?" என்றாள் மனைவி.

"அதுதாம்மா இழுவை குடுக்கும்."

இரண்டு மாவையும் கலந்து, கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, முதலில் கரண்டியால் கிளறி, கை தாங்குகிற சூடு வந்ததும் பிசைந்தான். மாவு காது மடல் போல மெத்தென்று வர வேண்டுமாம். ஈரத்துணி போட்டு மூடி வைத்தான். பிறகு சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, மாவு தூவி மடித்து, கத்தியால் நறுக்கினான். அந்தக் கத்தி போன வேகத்தைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். வெங்காயம் உரிக்கத் தெரியாமல் போனவன். நான் என் பங்குக்குக் கம்பெனியிலிருந்து வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்து ஒவ்வொரு நூலாக அளந்தேன். எல்லாம் ஒரே தடிமன். எங்கள் கம்பெனியின் கடைசல் பட்டறையில் கூட இந்த ஒழுங்கு வராது என்று பாராட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

சாறுக்கு நாட்டுக்கோழி எலும்பு, சுட்ட வெங்காயம், பூண்டு. எலுமிச்சைப்புல் வேண்டும் என்றான். மேட்டுப்பாளையம் போய் ஒரு கட்டு வாங்கி வந்தேன். அந்த ஊர் இஞ்சிக்குப் பதிலாகச் சித்தரத்தை போதும் என்றான், நாட்டு மருந்துக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "யாருக்குங்க சளி?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு விருந்து என்று சொல்லியிருந்தால் பொட்டலத்தைப் பிடுங்கியிருப்பார். மீனில் வடித்த உப்புச் சாறு ஒரு பாட்டில் ஆர்.எஸ்.புரத்துப் பெரிய கடையில் கிடைத்தது. மூடியைத் திறந்த மனைவி அந்த பாட்டிலை மொட்டை மாடிக்குக் குடி அனுப்பிவிட்டாள். உப்பே போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தமானது.

நறுக்கிய நூலை அலசாமல், மேலே தூவிய மாவோடு அப்படியே கொதிக்கிற சாற்றில் போட வேண்டும். அதுதான் சூட்சுமம். அந்த மாவு சாற்றைக் கொழகொழவென்று ஆக்கும், நூலும் கரையாமல் வழுக்கிக்கொண்டு நிற்கும். மேலே வறுத்த பூண்டு, வெங்காயத்தாள், எண்ணெயில் காய்ச்சிய மிளகாய், எலுமிச்சை. உப்பு மட்டும் அவன் பார்க்கவில்லை. "அம்மா, நீங்க பாருங்க" என்று கரண்டியை நீட்டினான். பெரிய சமையல்காரனாகிவிட்டான், ருசி பார்க்க ஆள் வைத்திருக்கிறான் என்று நான் கிண்டல் செய்தேன்.

ஆனால் சூப் நன்றாக வர வர, ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க, நாங்கள் ஒருவரைப் பழக்கித் தயார் செய்து அனுப்புகிறோம் என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை காலையில் மகனிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை..." என்றேன். அவன் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "குடுத்த வாக்கு என்னாச்சுங்கப்பா?" என்றான்.

அவர்கள் வந்தார்கள். அண்ணி கையில் ஒரு தூக்குப்போசி. உள்ளே அரிசிம்பருப்புச் சோறு. "எதுக்கும் இருக்கட்டும்னுங்க" என்று சமையலறையில் வைத்தாள். பழகச் சொன்னதும் அவள்தான், பழகாவிட்டால் மாற்று ஏற்பாடும் அவள்தான். அண்ணன் மகள் பின்னால் வந்தாள். கல்யாணத்தில் பார்த்ததை விட மெலிந்திருந்தாள். மாப்பிள்ளை புதுச் சட்டையில், புது வாட்சில், ஏற்கனவே பாதி வெளிநாட்டில் இருப்பவர் போல நடந்தார்.

மனைவி இலையும் போட்டு, இலையில் சோறு விழ வேண்டிய இடத்தில் கிண்ணத்தையும் வைத்திருந்தாள். இலையின் ஓரத்தில் மைசூர்பாகு, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். லாவோஸ் நாட்டில் யாராவது இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் எல்லையை மூடியிருப்பார்கள். அண்ணன் கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையைவிட்டார். சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. "என்றா இது, பிடிச்சா நிக்க மாட்டீங்குது, விலாங்கு மீனாட்ட" என்றார்.

மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. உறிஞ்சினார், மறுபடி வாங்கினார், அப்பளத்தை நொறுக்கிப் போட்டு மூன்றாம் முறையும் வாங்கினார்.

"அருமைங்க மாமா. ஏனுங்க மச்சான், இதுக்காங்க திரும்பி வந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், சிரிக்காமல் இருக்க முடியாதே. எரிகிறதில் அண்ணி இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்: "நாக்கு நீளமுங்க அவனுக்கு. சின்னதுலருந்தே செல்லம். எங்க மாப்பிள்ளை அப்படியில்லீங்க, கல்லைப் போட்டாலும் செரிச்சுப்போடுவாரு."

மகன் பரிமாறிக்கொண்டிருந்தான். அண்ணன் மகள் எழுந்து அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கப் போனாள்.

"நீ உக்காருண்ணா. நான் பரிமாறறேன்."

"வேண்டாம் அம்மிணி."

"நீ சாப்பிடவே இல்லையேண்ணா. அங்க சாப்பிட்ட ருசி வரலையா?"

"அங்க என்ன ருசின்னு தெரியாது அம்மிணி. நான் சாப்பிட்டதில்லை."

அண்ணன் கையை உதறிக்கொண்டே நிமிர்ந்தார். "சாப்பிடாமயே ஒத்துக்கலையா? இதென்றா புதுக் கதையா இருக்குது?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மகன் பாத்திரத்தைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சொல்வதென்று முடிவு செய்துவிட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. தடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நான் ஒரு அப்பளத்தை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"தினமும் ஒரு கணக்கு குடுப்பாங்க பெரியப்பா. இன்னைக்கு இத்தனை பேரை ஏமாத்தோணும்னு. முடிக்கலைன்னா அடி. அடுத்த நாள் விடியறதுக்கு முன்னாடியே சமையல்கட்டு. மாவு பிசையோணும், நறுக்கோணும். தடிமன் மாறுனா கத்தியோட பின்பக்கத்தால விரல்ல போடுவாங்க. பரிமாறிட்டுக் கிண்ணம் கழுவோணும். கணக்கு முடிச்சவங்களுக்குத்தான் இது. எங்களுக்கு வெறும் சோறு."

அண்ணன் மகள் நின்றபடியே இருந்தாள். மாப்பிள்ளை கரண்டியை வைத்துவிட்டார்.

"நீங்க எத்தனை நாளுங்க மச்சான் சமையல்கட்டுல?"

"பாதி நாளு."

"மீதி நாளு?"

"மீதி நாள் கணக்கை முடிச்சேன்." அவன் குரல் இறங்கியது. "ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. தினமும் சாப்பிட்டியா தம்பின்னு கேப்பாங்க. அவங்க பென்ஷன் மொத்தத்தையும் நான்தான் வாங்குனேன். அன்னைக்கு எனக்கும் இந்தக் கிண்ணம் வெச்சாங்க. இறங்கலை. மத்த நாள் வெச்சதும் இறங்கலை."

நான் கட்டிய கடை, போட்ட பெஞ்சு, வெர்னியரில் அளந்து பாராட்டிய ஒழுங்கு எல்லாம் என் கண்முன்னால் வந்து நின்றன. அவன் விரல்களைப் பார்த்தேன். வந்ததிலிருந்து தினமும் பார்த்த விரல்கள்தான்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "எனக்கு டேட்டா என்ட்ரின்னு சொல்லியிருக்காருங்க."

"எனக்குக் கஸ்டமர் சப்போர்ட்டுங்க மாப்பிள்ளை."

அண்ணி எழுந்துவிட்டாள். கிளம்புகிற சமயத்தில் இப்படியா அபசகுனமாகப் பேசுவது, இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டையா இருந்தது, பொறாமை என்றால் இதுதான் என்று சமையலறைக்குப் போய்த் தூக்குப்போசியைத் தேடினாள். அண்ணன் என்னிடம், "கூடப் பொறந்தவன்கிட்டக் கூடச் சொல்ல மாட்டியாடா?" என்றார். அதில் கோபம் எவ்வளவு, வேறு என்ன எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் மரியாதை மட்டும் ஒரு இழை குறையவில்லை. "போயிட்டு வாரோமுங்க." "வாங்க அண்ணி." "மைசூர்பாகு அருமைங்க." "கொஞ்சம் கட்டிக் குடுக்கட்டுங்களா?" "வேண்டாமுங்க, இருக்கட்டுமுங்க." கார் கதவு மட்டும் உண்மையைச் சொன்னது. அப்படி ஒரு சாத்து.

அன்று முழுக்க மகன் அறையை விட்டு வரவில்லை. வாக்கைக் காப்பாற்றியவன் நான், உடைத்தவன் அவன். ஆனால் குற்றவாளி போல இருந்தது என்னவோ நான்தான். மறுநாளிலிருந்து அண்ணன் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் பயணத் தேதி மாறவில்லை என்று மட்டும் தெரிந்தது. அண்ணி உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் புது சூட்கேஸின் படத்தைப் போட்டிருந்தாள். கீழே வரிசையாகப் பூங்கொத்துகள். நானும் ஒன்று போட்டேன். போடாவிட்டால் தப்பாக நினைப்பார்களே.

வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் ஒரு பைக் நின்றது. மாப்பிள்ளை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். தனியாக. புது வாட்ச் இல்லை.

"உள்ள வாங்க மாப்பிள்ளை."

"இல்லீங்க மாமா. மச்சான் இருக்காருங்களா?"

மகன் வந்தான். மாப்பிள்ளை அவனிடம் சொன்னது இதுதான். அங்கே ஏற்கனவே வேலை செய்கிற ஒருவரிடம் பேச வேண்டும் என்று ஏஜென்ட்டைக் கேட்டிருக்கிறார். அவரும் தயங்காமல் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார். ஒரு தமிழ்ப் பையன் பேசினானாம். வேலை நன்றாக இருக்கிறது, ரூம் நன்றாக இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றானாம். "அந்த நூடுல்ஸ் சூப் சாப்பிட்டீங்களான்னு கேட்டேனுங்க மச்சான். பேச்சே காணோம். பக்கத்துல யாரோ ஏதோ சொல்றது கேட்டுச்சு. அப்புறம் கட் ஆயிருச்சு."

பிறகு சொன்னார்: "பாஸ்போர்ட் அவருகிட்ட இருக்குதுங்க. தனியாப் போக ஒரு மாதிரி இருக்குது."

நான் போகாதே என்று சொல்வதற்குள் மகன் செருப்பை மாட்டிவிட்டான். அவன் அந்த ஏஜென்ட் ஆபீஸ் பக்கம் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கிடந்தவன் நான். வேறு வழியில்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஜவுளிக் கடையின் மாடி. ஏஜென்ட் எழுந்து நின்று கும்பிட்டார். அதே சந்தனப் பொட்டு, அதே வழவழப்பு.

"வாங்க சார், வாங்க. தம்பி எப்படி இருக்காப்ல? சாப்பாடு ஒத்துக்கலைன்னு கேள்விப்பட்டேனுங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன். நாம அனுப்புனதுல ஒருத்தர்தான் திரும்பி வந்தாரு, அதுவும் சாப்பாட்டுனாலதான், கம்பெனி மேல ஒரு குறை சொல்லலைன்னு."

நாங்கள் உறவுக்காரர்களுக்குச் சொன்ன பொய்யை அவர் விளம்பரப் பலகையாக மாட்டி வைத்திருந்தார். எத்தனை பேரிடம் சொன்னாரோ.

மாப்பிள்ளை ஆரம்பித்தார். "ஜாதகத்துல நேரம் கொஞ்சம் சரியில்லைன்னு சொல்றாங்க. பாஸ்போர்ட்டை மட்டும்..." இந்த நிலைமையிலும் எங்கள் மாப்பிள்ளைக்கு முகத்துக்கு நேராக ஒன்றைச் சொல்ல வரவில்லை. ஏஜென்ட் பதறவில்லை. பரிகாரம் இருக்கிறது என்றார், அவருக்குத் தெரிந்த ஜோசியர் இருக்கிறார் என்றார், டீ சொல்லட்டுமா என்றார். மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் டீயைக் குடித்துவிட்டு விமானம் ஏறியிருப்பார்.

மகன் இரண்டு கையையும் மேஜை மேல் ஊன்றினான்.

"பாஸ்போர்ட்டைக் குடுங்க. குடுக்கலைன்னா நான் நாளையிலருந்து கீழ படிக்கட்டுல உக்காந்துக்கறேன். மேல வர்றவங்களுக்கெல்லாம் அங்க என்ன சாப்பாடு, யாருக்குக் கிடைக்கும், எப்படிக் கிடைக்கும்னு நானே சொல்றேன்."

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். பெரியவர், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்கிற பார்வை. நான் ஏதோ பதமாகச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அவன் உக்காந்தா நானும் உக்காருவேன். ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குது" என்றேன். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அலமாரி திறந்தது. உள்ளே அடுக்கடுக்காகப் பாஸ்போர்ட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு. அவர் ஒரு கட்டை அவிழ்த்து அதிலிருந்து ஒன்றை உருவி மேஜையில் வைத்தார். மாப்பிள்ளை அதைப் பிரித்து, தன் படம்தானா என்று பார்த்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டார். நன்றிங்க என்றும் சொன்னார். அதை மட்டும் எங்களால் விட முடியாது.

நாங்கள் இறங்கும்போது கீழேயிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். என் வயதுக்காரர் ஒருவர், சலவைச் சட்டை. பின்னால் அவர் மகன் போல இருந்த இளைஞன், கையில் பிளாஸ்டிக் ஃபைல். பெரியவர் எங்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்று, "ஏனுங்க, வெளிநாட்டு வேலைக்கு அனுப்பறவரு மேலதானுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றான் என் மகன். அப்படியே அந்தப் படியில் உட்கார்ந்தான். "கொஞ்சம் நில்லுங்க. நான் அங்க இருந்தவன்."

பெரியவர் தயங்கினார். மாப்பிள்ளை ஒரு படி மேலே ஏறி, வழியை மறித்தமாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தெருவுக்கு வந்து ஸ்கூட்டரை நிழலுக்குத் தள்ளி நிறுத்தினேன். அவன் பேசி முடிக்க நேரமாகும்.